வெளிவராத பதிப்பின் எண்

வீட்டில் உட்கார்ந்து ஆட்-ஆன் எழுதுகிறேன் என்று சொன்னால் அன்றைய கடலூரில் கல்யாணம் எப்போது என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், ஆவணம் தயாரிக்கும் ஓர் இலவச மென்பொருளோடு சேர்த்துக்கொள்ள ஒரு சின்ன நிரல், அதாவது ஆட்-ஆன், எழுதினேன். தாளின் இருபுறமும் அடித்து மடித்தால் புத்தகமாகிவிடும்படி அது பக்கங்களை அடுக்கித் தரும். முழுக்க நானே எழுதியது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

ஒரு சிக்கல். பின்பக்கத்தைச் சரியாகத் திருப்பி அடிக்கும் வசதி மென்பொருளின் அடுத்த பதிப்பில்தான் வரவிருந்தது. அதன் சோதனைப் பதிப்பு என்னிடம் இருந்தது. நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துவிடும். எந்தப் பதிப்பிலிருந்து இது வேலை செய்யும் என்று ஆட்-ஆனுக்குள் ஒரு வரி எழுதியாக வேண்டும்; அதற்கு முந்தைய பதிப்புகளில் அது ஏறாது. வெளிவராத அந்தப் பதிப்பின் எண்ணையே எழுதி இணையத்தில் போட்டேன். அதனால் ஊரில் ஒருவராலும் அதைப் பயன்படுத்த முடியவில்லை.

அக்கா வீட்டுக்காரர் சிதம்பரத்தில் டிடிபி கடை வைத்திருந்தார். ஒரு பள்ளியின் ஆண்டுவிழா மலர் அவரிடம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விழா. அவருடைய பழைய பதிப்பில் என் ஆட்-ஆன் ஏற மறுத்தது. உடனே போன்.

"அந்த நம்பர கொஞ்சம் கொறச்சுப் போட்டு அனுப்பும்மா. எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்தான."

"கொறச்சா ஏறும் மாமா, ஆனா பின்பக்கம் தலைகீழா வரும். பென் டிரைவ்ல எடுத்துட்டு வாங்க, எங்கிட்ட இருக்கறதுல போட்டுத் தரேன்."

"ஒவ்வொண்ணுக்கும் கடலூர் வந்து ஒங்கிட்ட நிக்கணுமா?" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்து அக்கா. "அவரு என்ன சொத்தா கேட்டாரு? ஒரு நம்பர்தானடி. ரொம்பத்தான் பண்ற."

அக்கா கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனாலும் எண்ணை மாற்றவில்லை. ஓடாது என்று தெரிந்தே ஓடும் என்று எப்படி எழுதுவது?

வெள்ளிக்கிழமை மதியம் மாமா பஸ் பிடித்து வந்து, ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். மடித்துப் பார்த்தேன். தலைமையாசிரியரின் வாழ்த்துரை நேராக இருந்தது. பின்னால் பிள்ளைகளின் குழுப்படம் தலைகீழாகத் தொங்கியது.

"ஒன்னோடதுதான் இப்படி அடிச்சிருக்கு" என்றார்.

அவருடைய பென் டிரைவில் இருந்த ஆட்-ஆனைத் திறந்தேன். அந்த வரியில் பழைய பதிப்பின் எண் இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"நாந்தான் தொறந்து மாத்துனேன்" என்றார். "ஏறிடுச்சு, அவ்வளவுதான்னு நெனச்சேன்."

சோதனைப் பதிப்பு இரண்டு முறை படுத்தது. மூன்றாவது முறை மலர் முழுதாக வந்தது. ஒரு படி அடித்து, மடித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு என் எதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஒந் தங்கச்சி சரியாத்தான் எழுதி வெச்சிருக்கா. நாந்தான் அதுல கைய வெச்சிட்டேன்."

சில மாதங்கள் கழித்து அந்தப் பதிப்பு வெளிவந்தது. எனக்குத் தெரியும் முன்பே மாமாவின் குரல்: "புதுசு வந்துடுச்சும்மா. ஒன்னோடத அப்படியே போட்டேன், ஒண்ணையும் தொடல. ஏறிடுச்சு, பின்பக்கமும் நேரா வருது."

அதன் பிறகு முகம் தெரியாத பலர் அதைப் போட்டுக்கொண்டார்கள். முதலில் போட்டவர் மாமா என்பதுதான் எனக்குப் பெருமை.