ஐயாவுக்குச் செய்வித்த லப்டொப்

பெற்றோலுக்கு நாள் முழுக்க வரிசையில் நின்றார்களே, அதற்கு அடுத்த மாரியில்தான் இது நடந்தது. நான் வரிசையில் நிற்கவில்லை. எனக்குச் சைக்கிள்தான், அன்றும் இன்றும். அந்த மாரியில் எங்கள் கோப்பாய் வீட்டுக் கிணறு வாய்மட்டும் நிரம்பி, அம்மா கயிறில்லாமல் கையாலேயே வாளியைத் தோய்த்து எடுத்தார். அம்மாவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. ஐயா தொண்ணூறைத் தாண்டிவிட்டார். மூத்த பிள்ளையான எனக்கே அறுபத்தேழு.

ஒரு நாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஐயா கையை நிறுத்திவிட்டு, "அவன்ரை முகம் இப்ப எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் 'அவன்' என்றால் என் தம்பி. வெளிநாடு போய் முப்பது வருஷத்துக்கு மேல். அங்கே தன் விருப்பத்துக்கு ஒரு பெண்ணைக் கட்டிவிட்டு, பிறகுதான் எங்களுக்கு அறிவித்தான். ஐயா தொலைபேசியில், "உனக்கும் எனக்கும் இனிக் கதை இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு தம்பி அம்மாவோடு மட்டும்தான் கதைப்பான். அவன் தொலைபேசி எடுக்கிறான் என்று தெரிந்தால் ஐயா எழும்பி வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

ஒரு காலத்தில் இந்த இரண்டு பேரும் எப்படி இருந்தவர்கள். ஐயா கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெசினோடு நிற்பார், தம்பி வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவான். ஒரு சொல்லும் கதைக்கமாட்டார்கள். கடைசிப் பாத்தி நிரம்பியதும் தம்பி ஒரு விசில் அடிப்பான், ஐயா மெசினை நிற்பாட்டுவார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்திலும் சமையலுக்கு வைத்திருந்த போத்தலை அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் மெசினுக்கு ஊற்றிவிட்டு, ஆளுக்கு ஆள் காட்டிக்கொடுக்காமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அம்மாவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

என்னிடம் ஒரு கைப்பேசி இருந்தது. அதில் முகம் பார்க்க ஐயாவுக்குக் கண் காணாது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலால் அந்தக் கண்ணாடியில் எத்தனை தரம் தேய்த்தாலும் அது மதிக்காது. கடையில் இருந்த லப்டொப்போ மடியில் வைக்கப் பாரம். அதனால், கதவு யன்னல் செய்விப்பதுபோல, இதையும் சொல்லிச் செய்விப்பது என்று முடிவெடுத்தேன்.

பட்டினத்தில் பழைய கொம்பியூட்டர்களைப் பிரித்துப் பூட்டும் முஸ்லிம் ஒருவர் இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவோம். அதே இடத்தில் அவருடைய வாப்பா தையல்கடை வைத்திருந்தார். என் கலியாணச் சட்டை அவர் தைத்ததுதான், கழுத்து கொஞ்சம் இறுக்கம். சண்டைக் காலத்தில், ஓர் ஐப்பசியில், இயக்கம் முஸ்லிம் ஆட்களை எல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். நானா திரும்பி வந்தார். வாப்பா வரவில்லை.

ஐயாவின் சாய்மனைக் கதிரையில் இரண்டு கைகளுக்கும் நடுவிலுள்ள இடத்தை வாழைநாரால் அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நானா அதைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னண்ணை இது, கண்டுக்குட்டி கட்டவோ?"

"அளவு. இதுக்கை அடங்க வேணும்."

"அங்குலத்திலை சொல்லுங்கோவன்."

"நான் மூண்டாம் வகுப்பு. எனக்கு நார்தான் அங்குலம்."

"சரி, வேறை என்ன?"

"அம்மா ஒரு கையாலை தூக்க வேணும். சத்தம் பெலமாய்க் கேக்க வேணும். ஒரு பொத்தானை அமத்தினால் தம்பி வர வேணும்."

"அவர் வீட்டிலை நிண்டால்தானே வருவார். அதையும் நானோ பூட்டித் தாறது?"

இரண்டு பழைய லப்டொப்பைப் பிரித்து ஒன்றாக்கி, பத்து நாளில் தந்தார். சின்னதாக, கைக்கு அடக்கமாக இருந்தது. தம்பியின் இலக்கத்துக்குப் போகும் பொத்தானுக்கு மட்டும் சிவப்பு நகப்பூச்சுப் பூசியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது. அன்று முகம் பார்க்க எடுப்போம் என்று அம்மா தம்பிக்கு முதலே சொல்லிவைத்திருந்தார். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் தொடமாட்டோம். றேடியோவுக்கு வைத்தோம், தண்ணீர் மெசினுக்கு வைத்தோம், என் சைக்கிளுக்கும் வைத்தோம். அம்மா குளித்துவிட்டு வந்து மூடியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு திறந்து, உள்ளே படம் தெரியும் கண்ணாடிக்கு மேலே, நட்டநடுவில், தடிப்பாக இன்னொன்று வைத்தார்.

"உள்ளுக்கும் வேணுமோ அம்மா?"

"முகம் மாதிரிக் கிடக்கு. நெத்தி வெறுமையாய்க் கிடக்கலாமோ?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஐயா முகம் வழித்து, கோயிலுக்குப் போகும் வேட்டியும் சால்வையுமாக வந்து, சாயாமல் நேராக இருந்தார். பொத்தானைத் தானே அமத்தினார். தம்பி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நரைச்சுப் போனியேடா," என்றார் அம்மா.

"அம்மா, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஒரே இருட்டு. ஐயா நிக்கிறாரோ?"

"உனக்கு முன்னாலைதான் இருக்கிறார். உன்னைத்தான் பாக்கிறார்."

"அப்ப ஒரு சொல்லுக் கதைக்கச் சொல்லுங்கோ."

ஐயா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

"என்ரை முகத்தை அவர் பாக்கலாம், தன்ரை முகத்தை மூடி வைச்சிருப்பார் என்ன. இன்னும் கோவம் போகேல்லை. சரி அம்மா, விளங்குது."

நாங்கள் வாய் திறக்க முதல் முகம் போய்விட்டது. ஐயா சிவப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தினார். அவன் வரவில்லை.

அடுத்த நாள் நானாவிடம் கொண்டுபோனேன். திறந்தவுடன் சிரித்தார். "அண்ணை, இதுதான் இதின்ரை கண். இதாலைதான் அங்காலை உங்களைத் தெரியும். கண்ணிலை சந்தனத்தை அப்பிப்போட்டு இருட்டு எண்டால்?" என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைத்துத் தந்தார்.

அன்றிலிருந்து தம்பி எடுப்பதில்லை. நாங்கள் எடுத்தால் முதலில் மணி அடித்தது, இப்போது அதுவும் இல்லை. இலக்கத்தை மாற்றிவிட்டான் போலிருக்கிறது. அம்மா தன் விரலைத் தானே திட்டிக்கொள்கிறார். ஐயா ஒவ்வொரு வெள்ளியும் முகம் வழித்துக்கொண்டு வந்து அதற்கு முன்னால் இருக்கிறார்.

பேர் சொல்லி அவனைச் சந்திக்கு இழுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இதை வாசிப்பவர் வெளிநாட்டில் இருந்தால், ஐம்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய, இடது புருவத்தில் வெட்டுத் தழும்புள்ள ஒரு கோப்பாய்க்காரனைக் கோயிலிலோ கடையிலோ கண்டால், கொஞ்சம் மறித்துச் சொல்லுங்கள். ஐயா முகத்தை மூடவில்லை. அம்மா பொட்டு வைத்தார், அது கண் என்று எங்களுக்குத் தெரியாது. ஐயா அழுதபடியால்தான் கதைக்கவில்லை. இதை அவனிடம் சொல்லிவிடுங்கள்.