மாப்பிள்ளையின் ஜப்பான் கத்தி

எருமைக் கொம்பை அரம் வைத்து ராவினால் முடி கருகுகிற நாற்றம் வரும். கொல்லைப்புறத்தில் ராவினாலும் சமையல்கட்டு வரை வந்துவிடும். அரூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாற்றத்தோடுதான் விடிந்தன...

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனசெல்லாம் என்னவோ பழைய மடக்குச் சவரக் கத்தியில்தான். ஆன்லைனில் தேடித் தேடி, ஜப்பானில் செய்த கத்தி ஒன்றை வரவழைத்தார். வந்து சேர்ந்தபோது துருப்பிடித்து, பிடி உடைந்து, குப்பையில் பொறுக்கின மாதிரி இருந்தது.

"இதுக்கா இத்தன நாளா வாசலையே பாத்துட்டு இருந்தீங்க?" என்று சிரித்தேன்.

அவர் சட்டை செய்யவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்து... பளபளவென்று ஆக்கிவிட்டார். கத்தி பிடியோடு சேரும் இடத்தில் இரண்டு ஜப்பான் எழுத்துகள். முதல் எழுத்து பாதி தேய்ந்திருந்தது. மிச்சமும் அழிந்துவிடக் கூடாதென்று அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாளே வைக்கவில்லை. கத்தி மடங்கி உட்காருகிற இரண்டு பக்கப் பிடியையும் கொம்பில் அவரே செய்தார். பலூனில் சோப்பு தடவிச் சிரைத்துப் பழகினார். வீடெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு முகம் நிறைய தாடி!

அந்தச் சமயத்தில்தான் மொரப்பூர் பக்கம் தனியாக விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது. அம்மா ஏற்கெனவே இல்லை. பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவதா என்று கூசியவரைப் பிடிவாதமாகக் கூட்டி வந்தோம்.

முகம் வழிக்காமல் வாசல் தாண்டாத மனுஷன். இப்போது வெள்ளைத் தாடி மண்டிப்போய், யாராவது வந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். சலூன்காரரை வரச்சொல்லலாமென்றால், கோணின வாயை வெளியாள் பார்க்கக் கூடாது. நான் ரேசரோடு போனால் கையைத் தட்டிவிட்டார். "அவரு வழிச்சு விடறேங்கறாருப்பா" என்றதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை எனக்குச் செரைச்சு விடறதா? நாலு பேரு கேட்டா காறித் துப்புவாங்க."

சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அழுகையாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் கத்தியோடு அப்பா முன்னால் போய் நின்றார்.

"மாமா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணுங்க. இந்தக் கத்திக்குப் பதம் பாக்க ஆளு கெடைக்கல. என் தாடிய எடுத்தா இவ வூட்டுக்குள்ள சேக்க மாட்டா. நீங்க கொஞ்சம் மொகத்தைக் காட்டுனீங்கன்னா..."

அப்பா முகத்தை மூடியிருந்த துண்டை மெல்ல விலக்கினார்.

"மாப்பிள்ளை வாயத் தொறந்து கேட்டுட்டீங்க. மாட்டேன்னு எப்பிடிங்க சொல்றது?"

மாப்பிள்ளை பணிவிடை செய்யக் கூடாது. ஆனால் மாப்பிள்ளை கேட்டதை மறுக்கவும் கூடாதே! கணக்கு வாத்தியார் சரியாகத்தான் போட்டிருந்தார் கணக்கை.

வெந்நீர்த் துணியால் ஒற்றி, நுரை தடவி, தோலை இழுத்துப் பிடித்து... கோணின பக்கம் வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு கத்தியை நகர்த்தினார். கடைசியில் படிகாரம். அப்பா கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம்? ஒருமுறை பதம் பார்த்த கத்தியை மறுபடியும் எப்படி நீட்டுவது? இவர் பித்தளை ஆணியைத் தட்டிக் கழற்றி, அதே கத்திக்குப் புளியமரத்தில் புதுப் பிடி போட்டார். "இன்னொரு கத்தி வந்திருக்குங்க மாமா" என்று கொண்டுபோனார். அப்புறம் வாகை. அப்புறம் உடைந்த கேரம்போர்டின் சட்டம். என் தையல் மெஷின் பலகையிலும் ஒரு துண்டு போயிற்று...

அப்பாவும் ஒவ்வொரு வாரமும் கன்னத்தைத் தடவிப் பார்த்து, பெரிய நீதிபதி மாதிரி தீர்ப்பு சொல்வார். "போன கத்தி தேவலீங்க. இது கழுத்துகிட்ட கொஞ்சம் இழுக்குது."

மெல்லத் தேறி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் பேச ஆரம்பித்தார். அப்போது ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கண்ணு, கத்தி ஒண்ணுதான். பிடிதான் மாறுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதெப்படிம்மா வர்ற கத்தியிலெல்லாம் மொத எழுத்தே பாதி தேஞ்சிருக்கும்?" கோணல் வாயோடு சிரித்தார். "அவருகிட்ட சொல்லிராத. தெரிஞ்சா கூச்சப்படுவாரு. அப்புறம் என் மொகத்தைத் தொட மாட்டாரு."

அப்பா இருக்கும் வரை நான் சொல்லவில்லை; அப்புறமும் சொல்ல வாய்க்கவில்லை. கடைசியாக அவர் முகத்தை வழித்து அனுப்பியதும் அதே கத்திதான்.

இப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் சொந்த வீடு. இவர் தாடியும் நரைத்துவிட்டது. ஜப்பான் கத்திகள் அலமாரி நிறைய இருக்கின்றன. பதம் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்தப் பழைய பிடிகளை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே கொம்பு நாற்றம். ராவிக்கொண்டே சொன்னார், "மாமாவ அத்தன நாளு ஏமாத்திட்டமேன்னு இருக்குது புள்ள. பாவம், நம்பிட்டே போயிட்டாரு."

நேரில் பேசினால் அழுதுவிடுவேனென்று எழுந்து உள்ளே வந்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் எதைப் போட்டாலும் முதல் லைக் போடுகிற ஆள்தானே, படிக்கட்டும்.

ஏங்க... நீங்க எங்கப்பாவ ஏமாத்தலீங்க. அவருதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உங்கள ஏமாத்திட்டு, சந்தோசமா கன்னத்தக் காட்டிட்டு உக்காந்திருந்தாரு.