கரி அக்காவும் காற்றாலை இறக்கையும்

துறைமுகத்தில் அவளைக் கரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிலக்கரிக் கப்பலின் வயிற்றுக்குள் இரும்புக் கையை இறக்கி, ஒரே வாயில் பாதி லாரிக் கரியை அள்ளி வெளியே கொட்டுகிற கிரேன் அவளுடையது. உச்சியில் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. வேலை முடிந்து எத்தனை சோப்புத் தேய்த்துக் குளித்தாலும் காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருக்கும். "கண் பட்டுடாம இருக்க நீயே பொட்டு வச்சுக்கிட்டு வர்ற" என்பார் அவள் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டீசல் பஸ்ஸையே ஓட்டிக் காய்த்துப்போன கை. புதிதாக வந்த பேட்டரி பஸ்ஸை அவரிடம் கொடுத்தபோது ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. "வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியல. சத்தமே இல்லாத வண்டியை என்னன்னு ஓட்டுறது?" என்று புலம்பினார். அடுத்த மாதமே, மேம்பாலத்தில் அது ஏறுகிற வேகத்தைப் பற்றி அக்கம்பக்கத்தாரைப் பிடித்து வைத்துக் கதை அளந்துகொண்டிருந்தார்.

அவளுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். அவள் பிறந்த வீட்டில் அம்மா விறகு ஊதிச் சமைத்தாள். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது, அப்புறம் கேஸ். இப்போது அவள் சமையலறையில் தீயே இல்லை. கண்ணாடித் தட்டு ஒன்று தானாகச் சூடாகிறது. ஒரே ஆயுசுக்குள் இவ்வளவும் மாறுமென்றால் இன்னும் என்னென்ன வருமோ என்று நினைத்தாலே அவளுக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும்.

தம்பியும் அதே துறைமுகத்தில் கிரேன் ஆப்பரேட்டர். வேலையில் சேர்த்துவிட்டவளே அவள்தான். ஒரே கப்பலின் கரி அறைகளில் அக்கா ஒன்றும் தம்பி ஒன்றுமாகப் போட்டி போட்டுக் காலி செய்வார்கள். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும்.

அந்த உறவில்தான் விரிசல் விழுந்தது. கரித் தளம் ஒன்றை மூடிவிட்டு, காற்றாலைச் சாமான்கள் இறக்கும் தளமாக மாற்றப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளர் கூட்டத்தில் தம்பி எழுந்து கூடாது என்றான். உலகம் முழுக்க வீடுகள் பெருகுகின்றன, ஏசி பெருகுகிறது, கரண்டுத் தேவை ஏறிக்கொண்டே போகிறது, கரி இல்லாமல் எப்படி என்று கேட்டான். கைதட்டல் கிடைத்தது. அடுத்ததாக அக்கா எழுந்தாள்.

"தேவை ஏறுதுன்னு நீயே சொல்ற. அப்ப கரி மட்டும் எப்படிப் போதும்? காத்தும் வேணும், வெயிலும் வேணும். அதையும் யாராவது இறக்கித்தான ஆகணும். நாமளே இறக்குவோம்."

"எங்க அக்கா வீட்டுல பேட்டரி பஸ் வந்ததிலேர்ந்து இப்படித்தான் பேசுது" என்றான் தம்பி. கூட்டம் சிரித்தது.

அவளும் சும்மா விடவில்லை. "உனக்குப் புதுசு கத்துக்க பயம். அதைச் சொல்லேன்."

இப்போது கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அக்கா தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டாளே என்று முறுக்கிக்கொண்டு போனவன், அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். கேன்டீனில் அவள் வந்தால் அவன் எழுந்து போவான். வீட்டு விசேஷங்களில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலை. நடுவில் மாட்டிக்கொண்டு தூது போனவர் பஸ் டிரைவர்தான்.

இரண்டு வருஷம் கழித்துப் புதுத் தளம் தயாரானது. முதல் கப்பல் வரப்போகிறது. காற்றாலை இறக்கை ஒன்று ஒரு தெருவின் நீளம் இருக்கும். ஒரு கிரேனால் ஆகாது. இரண்டு கிரேன்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் அவள் முதல் ஆளாகக் கை தூக்கினாள். பயிற்சி அறைக்குள் போனால், பக்கத்து நாற்காலியில் தம்பி.

வகுப்பு முழுக்க அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் திரையில் பொம்மை இறக்கையைத் தூக்கிப் பழகியபோது, இருவர் கைகளும் ஒன்றுபோலவே நகர்ந்தன. சைகை காட்டும் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேருதான்" என்று முடிவு கட்டிவிட்டார். "பேச மாட்டாங்களே" என்று யாரோ சொன்னதற்கு, "அதுக்குத்தான் நான் இருக்கேன். நான் சொல்றதை மட்டும் கேட்டாப் போதும்" என்றார்.

கப்பல் வந்த காலையில் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. கணக்குப் பிரிவு ஆட்கள், கேன்டீன்காரர்கள் எல்லாரும் தளத்துக்கு வந்துவிட்டார்கள். கப்பலின் மேல்தட்டில் வெள்ளை வெளேரென்று நீட்டிப் படுத்திருந்தது இறக்கை. இத்தனை வருஷமாகக் கறுப்பையே அள்ளிய கண்ணுக்கு அந்த வெள்ளை கூசியது.

கனமான அடிப்பகுதி அவளுக்கு. மெலிந்த நுனி தம்பிக்கு. இறக்கையைத் தூக்கும் பட்டைகளை மாட்டினார்கள். இரண்டு முனையிலும் கட்டிய கயிறுகளை ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி வாக்கி டாக்கியில், "மெதுவா... ரெண்டு பேரும்... மேல" என்றார். இறக்கை கப்பலை விட்டு எழும்பியது. அவள் முகம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

கப்பலுக்கும் தளத்துக்கும் நடுவில், தண்ணீருக்கு மேலே வந்தபோது காற்று கிளம்பியது. காற்றைப் பிடிப்பதற்கென்றே செய்த பொருள் அது. மாட்டுவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டது. நுனி திரும்பத் தொடங்கியது. கயிறு பிடித்தவர்கள் சறுக்கினார்கள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் வாக்கி டாக்கி கரகரத்து அடங்கிவிட்டது. கீழே அவர் இரண்டு கையையும் விரித்து நிறுத்தச் சொல்வது அவளுக்குத் தெரிந்தது. தம்பி இருக்கும் இடத்திலிருந்து அவரை இறக்கை மறைத்திருக்கும். அவன் பதறி நுனியை எதிர்ப்பக்கம் இழுத்தால், பட்டை நழுவிவிடும்.

அவள் வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"தம்பி, நிறுத்து. இழுக்காத. அப்படியே பிடிச்சுக்க."

கண்ணாடி வழியே அவள் நுனிப் பக்கத்துக் கிரேனையே பார்த்தாள்.

"பிடிச்சிருக்கேன்க்கா. சுத்துதே?"

"சுத்தட்டும். கீழ கயிறு இருக்கு, அவங்க பார்த்துப்பாங்க. காத்து அடங்கினதும் சொல்றேன்."

"மேஸ்திரி எங்க?"

"கீழ கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் பார்த்துச் சொல்றேன், நீ என் குரலை மட்டும் கேளு."

கயிறு பிடித்தவர்கள் காலை ஊன்றி இழுத்தார்கள். காற்று ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்தது. நுனி மெல்லத் திரும்பி நேரானது. மேஸ்திரி கட்டைவிரலை உயர்த்தினார்.

"இப்ப வா. என்கூடவே வா."

"வர்றேன்."

இரண்டு கிரேனும் சேர்ந்து திரும்பின. நீளமான டிரெய்லரின் மேல் இறக்கை, தூங்கும் பிள்ளையைக் கிடத்தியது போல் வந்து படுத்தது. அதற்கப்புறம்தான் கீழே கைதட்டல் வெடித்தது. கேன்டீன்காரர் தட்டை வைத்துத் தாளம் போட்டார்.

அவள் ஏணியில் இறங்கி வந்தபோது தம்பி எதிரே நின்றான். வாக்கி டாக்கியை இன்னும் கையிலிருந்து விடவில்லை அவன்.

"பயந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பயந்துட்டேன்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "நீ?"

"எனக்கும்தான். மறுபடி எப்பத் தூக்கலாம்னு இருக்கு."

அவன் கடல் பக்கம் கையைக் காட்டினான். தூரத்தில் கரிக் கப்பல்கள் முறைக்காகக் காத்து நின்றன. "பார்த்தியா, அதுவும் குறையல. நான் சொன்னதும் சரிதான்."

"யாரு இல்லேன்னாங்க? ஊரு கேக்குற கரண்டுக்கு ரெண்டும் சேர்ந்துல்ல வேணும்."

அவன் சொன்னது இன்னும் சில வருஷம் சரியாகவே இருந்தது. கரியும் வந்தது, இறக்கைகளும் வந்தன, பேட்டரிப் பெட்டிகளும் சூரியத் தகடுகளும் வந்தன. எதுவும் எதையும் தள்ளிவிடவில்லை; ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போனது. அப்புறம்தான் கரிக் கப்பல்களுக்கு நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. முதலில் அதைக் கவனித்துச் சொன்னவன் தம்பிதான்.

போன மாதம் புதுச் செய்தி ஒன்று. எரிபொருளாகப் பயன்படும் அம்மோனியாவை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல்களுக்குத் தனித் தளம் கட்டப்போகிறார்களாம். அந்த வாடையை நினைத்தே பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுக்கக் கரி அக்கா அலுவலகத்துக்கு ஓடினால், உள்ளேயிருந்து தம்பி வெளியே வந்தான்.

"உன் பேரையும் சேர்த்தே கொடுத்துட்டேன்க்கா. வா, டீ சாப்பிடலாம்."