பதினைந்து நிமிடமும் பதினொரு வாழ்த்துரையும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் கல்லூரி வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தானோ என்னவோ, எங்கள் வட்டார வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு என்னை நிகழ்ச்சிக் குழுவின் ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார்கள். யார் எப்போது பேசுவது, யாருக்கு எத்தனை நிமிடம், எப்போது மணி அடித்து உட்கார வைப்பது, எல்லாம் அந்தக் குழுவின் வேலை. நேரத்தைப் பங்கு போடுகிற இடத்தில் நல்ல பேர் எடுத்தவர்கள் எங்கள் சங்கத்தில் இதுவரை யாரும் இல்லை.

மாநாடு வருடத்துக்கு ஒரு மாவட்டமாகச் சுற்றி வரும். இந்த முறை புதுக்கோட்டை, அதுவும் எங்கள் கல்லூரி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நாள் பேச்சு, இரண்டு வேளை சாப்பாடு. உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும். வரவேற்புக் குழு, உணவுக் குழு, மேடைக் குழு, மாநாட்டு மலர்க் குழு, தங்குமிடக் குழு. இவ்வளவுக்கும் மேலே ஒரு மேற்பார்வைக் குழு. மற்றக் குழுக்கள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாத்துச் செய்யுங்க" என்று சொல்வது அதன் பொறுப்பு. சங்கத் தலைவர் அதற்கும் தலைவர்.

எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று தட்டிக்கழித்திருப்பேன். செய்யாததற்குக் காரணம் போன வருடம் நான் செய்த ஒரு காரியம். அதைச் சொல்ல எனக்கு இன்னமும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருட மாநாட்டில் கடைசி அமர்வுக்கு நான் தலைமை. தொடக்க விழா வழக்கம்போல மதியச் சாப்பாட்டை முட்டிக்கொண்டு முடிந்தது. பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை, அப்புறம் வாழ்த்துரைக்கு நன்றி. அதில் போன நேரத்தையெல்லாம் கட்டுரை வாசிக்க வந்தவர்களிடமிருந்துதான் பிடுங்கியாக வேண்டும். பதினைந்து நிமிடம் பத்தானது, பத்து ஐந்தானது. என் அமர்வின் கடைசி ஆள் எழுந்தபோது அரங்கத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். சாவிக்கொத்தோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

எழுந்தவர் திருவரங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கால்நடை ஆய்வாளர். பேராசிரியர் இல்லை, பட்டம் வாங்க எழுதுகிறவரும் இல்லை. மாடுகளுக்கு ஊசி போட பைக்கில் ஊர் ஊராகப் போகிறவர், போகிற இடத்துக் கண்மாய்களில் மடைக்கு நட்டிருக்கிற பழைய கல்தூண்களைப் பார்த்து, சேற்றைக் கழுவி, அதில் இருக்கிற எழுத்தைப் படித்து எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும், பிளாஸ்டிக் உறைக்குள் கட்டுரையுமாக வந்திருந்தார். நாலாவது வரிசையில் அவர் மனைவியும், அவர் ஊர்க் கண்மாயில் பாசனம் செய்கிற இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வந்தவர்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், உங்க கட்டுரைதான் மலர்ல அச்சாயிருச்சே. வாசிச்சதா எடுத்துக்குவோம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அதுதான் கொடுமை.

"பரவாயில்லைங்க மேடம்" என்று கட்டுரையைத் திரும்ப உறைக்குள் போட்டார். அப்புறம் யாரும் கேட்காமலே அரங்கத்து நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மனசு உறுத்தியது. ஆனாலும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்: மனுஷன் சந்தோஷமாக நாற்காலி எல்லாம் அடுக்கிக் கொடுத்தாரே, மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார். அந்தச் சமாதானத்தை ஒரு வருடம் முழுக்க வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் வந்துவிட்டது. அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானே போன் செய்தேன். பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்டது.

"இல்லைங்க மேடம், எனக்கு அது சரிப்படாதுங்க."

"ஏன் சார்? நம்ம ஊர்ல நடக்குது, வராம இருந்தா எப்படி?"

அவர் சொன்னார்: "போன தடவை ஊருக்குத் திரும்பி வந்தப்ப, என்ன பேசுனீங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலங்க. கூட வந்தவுகளும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா நான் இதையே விட்டுருவேங்க மேடம். அதுக்குப் போகாமலே இருந்துர்றேன், கல்லைப் பாக்குறதாச்சும் மிஞ்சும்."

எனக்குச் சுரீர் என்றது. "சார், நான் இருக்கேன்ல. பதினஞ்சு நிமிசம். அதுல ஒரு நிமிசம் கொறைஞ்சாலும் என் சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். புடவை கட்டுகிறவள் சட்டை என்றேன், அவ்வளவு பதற்றம். அவர் சிரித்துவிட்டார். சுருக்கம் மறுநாளே வந்தது.

வாக்குக் கொடுத்தாயிற்று, நிமிடத்துக்கு எங்கே போவது? அடுத்த மேற்பார்வைக் குழுக் கூட்டத்தில் அழைப்பிதழ் மாதிரியை மேசையில் வைத்தார்கள். வரவேற்புக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வெள்ளை வேட்டி, எப்போதும் கையில் ஒரு பை, பைக்குள் எப்போதும் ஒரு பொன்னாடை. அவர் கொடுத்த பட்டியலில் வாழ்த்துரை வழங்குவோர் மட்டும் பதினொரு பேர்.

"ஐயா, பதினொரு பேரும் பேசினா கட்டுரையை எப்ப வாசிக்கிறது?" என்றேன்.

"ஆளுக்கு ரெண்டே வார்த்தைதாம்மா."

"உங்க ரெண்டு வார்த்தை எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா? போன வருசம் ஒருத்தர் ரெண்டு வார்த்தையில சேர சோழ பாண்டியரை முடிச்சு, பல்லவருக்கு வந்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பேர் போடாட்டி வருத்தப்படுவாக. மனுசனுக்கு மரியாதை செய்யிறது உங்களுக்கு எளக்காரமாத் தெரியுதா?" என்றார். நானும் விடவில்லை. பொன்னாடைக் கடை வைக்கப்போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அடுத்த இரண்டு கூட்டங்களில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தேநீர்த் தட்டைக்கூட எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் வழியாகத்தான் நகர்த்தினார்.

பட்டியலில் ஒரு பேரும் குறையவில்லை. நான் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு யோசனை வந்தது. எங்கள் மாநாடுகளில் அரங்கம் நிரம்பி வழிகிற நேரம் ஒன்று உண்டு. காலை டிபன் முடிந்து, எல்லோரும் உள்ளே வந்து, சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கிற நேரம். அரை மணி, முக்கால் மணி, சும்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தை யாரும் யாருக்கும் ஒதுக்கியதே இல்லை.

அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டேன். "குத்துவிளக்கு ஏத்தாம எப்படிம்மா கட்டுரை வாசிக்கிறது?" என்று தலைவர் பதறினார்.

"இது விழாவுல சேத்தி இல்லைங்க சார். விழாவுக்கு முந்திச் சும்மா உக்காந்திருக்கிற நேரம். ஒம்பதரைக்கு ஒரே ஒரு கட்டுரை. யாரு பேரையும் எடுக்கல, யாரு இடத்தையும் தொடல."

தலைவர் யோசித்தார். "சரி. ஆனா ஒண்ணு. விருந்தினர் வந்துட்டா அந்த நிமிசமே மணியடிச்சு நிறுத்திரணும்." நான் உடனே ஒத்துக்கொண்டேன். எந்த ஊரில் எந்தச் சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வந்திருக்கிறார்? "பாத்துச் செய்யுங்க" என்று தீர்மானம் நிறைவேறியது. வரவேற்புக் குழுத் தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மாநாட்டு அன்று காலை பொங்கலும் வடையும் அருமையாக அமைந்தன. உணவுக் குழுவுக்கு அப்போதே மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஒன்பதேகாலுக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. திருவரங்குளம் பக்கமிருந்து ஒரு வேன் வந்து நின்று, கண்மாய்ப் பாசனக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஆய்வாளரின் மனைவி என்று ஒரு கூட்டமே இறங்கி, 'விருந்தினர்' என்று தாள் ஒட்டிய முதல் இரண்டு வரிசைகளில் போய் உட்கார்ந்தது. மேடைக் குழுவில் ஒருவருக்கும் அவர்களை எழுப்பத் தைரியம் வரவில்லை. நான் மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே முழுக்கைச் சட்டையில் அவர் ஒன்பதரைக்குத் தொடங்கினார்.

ஆறாவது நிமிடம். வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம். விராலிமலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும் என்று சொன்ன விருந்தினர், நடை திறந்ததும் கும்பிட்டுவிட்டு நேரே வந்துவிட்டார். எங்கள் சங்கத்தின் நினைவில் முதல்முறையாக ஒரு சிறப்பு விருந்தினர் முன்னதாக வந்தது அன்றைக்குத்தானா நடக்க வேண்டும்! தலைவர் திரும்பி என்னைப் பார்த்து, மணியடிக்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.

நான் எழுந்து, மணியோடு வாசலுக்கு ஓடினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. காரின் டயர் முன்னால் படுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அங்கே வரவேற்புக் குழுத் தலைவர் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா," என்றேன் காதோரமாக, "இன்னும் ஒம்பது நிமிசம்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். விருந்தினர் பக்கம் திரும்பினார். "ஐயா, மொதல்ல முதல்வர் அறைக்கு வாங்க. காபி சாப்பிட்டுட்டுப் போகலாம். நம்மாளுக பதினோரு பேரு உங்களுக்கு மரியாதை செய்யணும்னு காலையிலிருந்து காத்துக்கிட்டிருக்காக. அங்கிட்டு வாங்க." பையைத் திறந்தார். அன்றைக்குப் பைக்குள் ஒன்றல்ல, பதினொரு பொன்னாடை இருந்தது. வாழ்த்துரைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, போர்த்தி, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசத் தொடங்கினார்கள். விருந்தினர் முகமெல்லாம் சிரிப்பு. எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் பேசுங்கள், சாமிகளே, என்று நான் மனசார வேண்டிக்கொண்டு அரங்கத்துக்குத் திரும்பினேன்.

உள்ளே ஆய்வாளர் பேச்சை நிறுத்தியிருந்தார். நான் மணியோடு ஓடியதைப் பார்த்திருக்கிறார். ஒலிபெருக்கியிலேயே கேட்டார்: "மேடம், நிறுத்திரட்டுங்களா?"

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. "பேசுங்க சார்! ஒங்க நேரம் இன்னும் இருக்கு!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். மணியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். தலைவர் எட்டிப் பார்த்து, "விருந்தினர் எங்கம்மா?" என்றார். "வந்துட்டாருங்க சார். பொன்னாடை நடக்குது" என்றேன். அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பொன்னாடையை நடுவில் நிறுத்துகிற தலைவர் எங்கள் பக்கத்தில் கிடையாது.

ஆய்வாளர் பேசினார். தாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். மாட்டுக்காரர்கள் மாட்டைப் பிடித்து வருகிற வரைக்கும் கண்மாய்க்கரையில் சும்மா நின்றபோது முதல் கல்லைப் பார்த்தது, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கித் தேய்த்தது, எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது, எல்லாம் சொன்னார். "ராசா பேரு இல்லைங்க இதுல. மடை வச்சுக் குடுத்த ஆளு பேருதான் இருக்கு. அவரு நம்மள மாதிரி ஒருத்தருங்க" என்று திரையில் கல்லைக் காட்டினார். முன்வரிசையில் ஒரு பெண் சத்தமாக, "ஏ ஆத்தீ, இதுலதானே நாம துணி தொவைக்கிறோம்!" என்றாள். அரங்கம் குலுங்கியது. "தொவைங்க, தப்பில்லை. எழுத்து இல்லாத பக்கமாத் தொவைங்க" என்றார் அவர். பதினைந்தாவது நிமிடத்தில் கும்பிட்டு முடித்தார். அப்புறமும் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அவர் மனைவி கைதட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கேள்வி கேட்ட ஒவ்வொருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடக்க விழாவில் வாழ்த்துரையே இல்லை. அதுதான் முதல்வர் அறையில் முடிந்துவிட்டதே. சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒரு முழு அமர்வு நடந்தது. சாம்பார் கொதிக்கிறதுக்குள் ஆள் வந்துவிடுமோ என்று உணவுக் குழு பயந்துபோனது.

சாப்பிடும்போது வரவேற்புக் குழுத் தலைவருக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன். "ஐயா, பொன்னாடைக் கடைன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுக்கங்க."

பாயசத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "போன வருசம் அந்தக் கடைசி அமர்வுல நானும்தாம்மா உக்காந்திருந்தேன்." அவ்வளவுதான். இரண்டு வார்த்தைக்குக் கொஞ்சம் கூட.

மறுநாள் சாயங்காலம் மாநாடு முடிந்தது. அரங்கம் காலியாகிவிட்டது. மணியைத் திரும்பக் கொடுக்கலாம் என்று உள்ளே போனால், ஆய்வாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், விடுங்க. அதுக்கெல்லாம் ஆளு இருக்கு. போன வருசமும் நீங்கதான் அடுக்குனீங்க."

"ஆமாங்க மேடம்" என்று ஒரு நாற்காலியைத் தூக்கி மேலே வைத்தார். "அன்னிக்கு எனக்கு அழுகை வந்துருச்சுங்க. வீட்டுக்காரம்மா பாத்துரக் கூடாதுன்னு, அங்கிட்டுத் திரும்பி நின்னு அடுக்கிக்கிட்டு இருந்தேன். இன்னிக்குச் சும்மாதாங்க அடுக்குறேன்."

கைப்பையை மேடையில் வைத்தேன். அடுத்த வரிசையிலிருந்து நானும் அடுக்க ஆரம்பித்தேன்.