மணலில் புதைத்த கேபிள்

2006-ம் வருடக் குளிர்காலம். பஹ்ரைனில் குதைபியாவில் ஒரு சின்ன ஃபிளாட்டில் நானும் கணவரும் இரண்டு வயது மகளும் குடியிருந்தோம். கணவர் ஜெனரேட்டர் மெக்கானிக். அங்கே குளிர் தொடங்கியதும் உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்து, கேரவன் நிறுத்தி, வெயில் திரும்பும்வரை அங்கேயே இருப்பார்கள். எங்கள் கஃபீலின், அதாவது கணவரின் முதலாளியின், குடும்பமும் அப்படித்தான். அந்த சீசன் முழுக்க ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள என் கணவருக்கு டியூட்டி போட்டார்கள். தனியாக இருக்க நான் பயந்ததால், கஃபீல் ஒரு பழைய கேரவனைக் கொடுத்துக் குடும்பத்தோடு வரச் சொன்னார்.

போனில் சொன்னதும் அம்மா பதறிவிட்டார். “கேம்ப்லயா? மாப்பிள்ளைக்கு வேலைல ஏதாச்சும் பிரச்சினையாடி?” எங்கள் ஊர்க்காரர்களுக்கு கேம்ப் என்றால் கூலி ஆட்கள் அடுக்குக் கட்டிலில் நெருக்கிப் படுக்கும் இடம்தானே.

கணவர் போனை வாங்கி, “இது பணக்காரங்க கேம்ப் அத்தை. மாளிகைய பூட்டிட்டு வந்து மண்ணுல உக்காருறாங்க,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேள் வருமா, காற்று ஒத்துக்கொள்ளுமா, குழந்தைக்கு இருமல் பிடித்தால் டாக்டருக்கு எங்கே போவது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். ஜெனரேட்டரிலிருந்து எங்கள் கேரவனுக்கு ஒரு கறுப்புக் கேபிள் மணல்மேல் கிடந்தது. பாப்பா தடுக்கி விழுந்தால்? வாயில் வைத்துவிட்டால்? அதைப் புதைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

“ஒட்டகம் மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. உன் நிம்மதிக்குப் புதைக்கிறேன், போ,” என்று மண்வெட்டியை எடுத்தார் கணவர்.

கஃபீலின் மனைவிக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். தினமும் மாலையில் பெரிய கூடாரத்திலிருந்து கைகாட்டி டீக்குக் கூப்பிடுவார். நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். அங்கே எப்படி உட்கார வேண்டும், என்ன பேச வேண்டும், பாப்பா கம்பளத்தில் எதையாவது கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று தயக்கம்.

மார்கழி பிறந்தது. கேரவன் வாசலும் வாசல்தானே என்று தினமும் தண்ணீர் தெளித்து, மணலைத் தட்டிச் சமன் செய்து, சின்னதாக ஒரு கோலம் போட்டுவந்தேன். அதை மிதிக்கக் கூடாது என்று பாப்பாவிடம் சொல்லிவைத்திருந்தேன். அப்படி ஒரு காலையில் கணவர் டீசல் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே லேசான பனி. வாளியோடு தண்ணீர் டேங்குக்குப் போனேன். கூப்பிடு தூரம்தான். நிரப்பிவிட்டுத் திரும்பினால், எங்கள் கேரவனைக் காணவில்லை. கடல் பக்கமிருந்து வந்த பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. கையில் இருந்த வாளியே மங்கலாகத்தான் தெரிந்தது.

நேராக நடந்தேன். கேரவன் வரவில்லை. கொஞ்சம் இடது பக்கம் போனேன். பிறகு வலது பக்கம். திரும்பிப் பார்த்தால் டேங்கும் இல்லை. முந்தின நாள்தான் பாப்பா கேரவன் கதவின் கைப்பிடியை அழுத்தித் திறக்கக் கற்றிருந்தாள். விழித்தால் என்னைத் தேடி இறங்குவாள். இறங்கி நடந்தால்? தூரத்தில் எங்கோ ஒரு ஜீப் உறுமியது. வாளியைப் போட்டுவிட்டு அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன்.

“சிஸ்டர்! ஸ்டாப்! மாஃபி வாக்! ஹாரன் சுனோ!” என்று ஒரு பெண் குரல் கேட்டது. நடக்காதே, ஹாரனைக் கேள் என்று மூன்று மொழிகளில் சொன்னது கஃபீலின் மனைவி. உடனே கார் ஹாரன் ஒலித்தது. விட்டு விட்டு ஒலித்தது.

அந்தச் சத்தம் பெரிய கூடாரத்திலிருந்து வருகிறது. அங்கே போனால் பாப்பாவை விட்டு இன்னும் விலகிப் போகிறேனோ? போகாவிட்டால் எங்கே போவது? எதுவும் புரியாமல் சற்று நேரம் நின்றேன். பிறகு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காரின் மஞ்சள் விளக்கு தெரிந்ததும், “பேபி, பேபி” என்றுதான் வாயில் வந்தது.

அவர் என் கையைப் பிடித்து, கூடாரத்தை ஒட்டியிருந்த ஜெனரேட்டர் பக்கம் இழுத்துப் போனார். “கேபிள். உன் வீட்டுக்குப் போகிற கேபிள் எது?” என்று இந்தியில் கேட்டார். அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் கேபிள் கொஞ்ச தூரத்தில் மணலுக்குள் போய் மறைந்தது.

“இதை யார் புதைத்தது?”

“நான்தான் புதைக்கச் சொன்னேன்,” என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைத் தொடும் கறுப்பு அபாயாவை இடுப்பில் சொருகிக்கொண்டு மண்டியிட்டு மணலைத் தோண்ட ஆரம்பித்தார். நானும் தோண்டினேன். ஒரு முழம் தெரிந்தால் பிடித்து இழுப்போம், அது அடுத்த முழத்தைக் கிளப்பும். “யல்லா, யல்லா,” என்பார். “ரொம்ப நல்ல மெக்கானிக் உன் புருஷன். எவ்வளவு ஆழம்!” என்பார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் கேரவனின் சக்கரம் கையில் தட்டுப்பட்டது. கதவு திறந்திருந்தது. உயிர் போய் வந்தது எனக்கு. படியில் பாப்பா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் கோலமாவு டப்பா. எதிரே எங்கும் வெள்ளையாகப் படர்ந்திருந்த பனியைக் காட்டி, “அம்மா, எவ்ளோ பெரிய கோலம்,” என்றாள்.

அதை மிதிக்கக் கூடாது என்றுதான் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மொழிபெயர்த்துச் சொன்னதும் கஃபீலின் மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று என் கேரவனில்தான் டீ. அதன்பின் சீசன் முடியும்வரை மாலை டீ அவர் கூடாரத்தில். பாப்பா கம்பளத்தில் ஒருமுறை கொட்டவும் செய்தாள், யாரும் கண்டுகொள்ளவில்லை.

பனி விலகியபின் வந்த கணவர், உழுது போட்டதுபோல் கிடந்த மணலைப் பார்த்து, “மறுபடி புதைக்கட்டுமா?” என்று கேட்டார். “வேணாம், மேலேயே கெடக்கட்டும்,” என்றேன்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். காலேஜ் பஸ் தாமதமானால் எனக்கு இன்றைக்கும் கால் ஓடப் பார்க்கும். அப்போதெல்லாம் நின்ற இடத்தில் நின்று, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் எனக்காக ஹாரன் அடிப்பார்கள் என்ற நம்பிக்கை அந்தக் காலையில் வந்தது, இன்னும் போகவில்லை.