எந்த அந்தோணி?

போன ஞாயிறு காலை, மீன் வாங்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். போய் நின்ற பிறகுதான் உறைத்தது... இது தடைக்காலம்! விசைப்படகுகள் எல்லாம் கரையில். சின்னப் படகுகள் கொண்டுவந்த கொஞ்சம் மீனும் யானை விலை.

ஆனால் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரே கூட்டம். நடுவில் ஸ்டெல்லா அக்கா. வருஷக்கணக்காக அங்கே மீன் ஏலம் விடுகிறவர். மைக் தேவைப்படாத குரல். ஆனால் கையில் மீன் இல்லை, காகிதம்!

“என்னக்கா, பேப்பரையே ஏலம் விடறீங்களா?”

“தடைக்கால நிவாரணம் யார் யாருக்குன்னு லிஸ்ட்டு சார். மீன்துறை ஆபீஸ்ல ஒட்டிக்கீறாங்க, இது அதோட ஜெராக்ஸ். தப்பு இருந்தா இந்த வாரத்துக்குள்ள சொல்லணுமாம். பாத்தா யாருக்கும் ஒண்ணும் புரியல. அதான் நான் படிச்சிகினு கீறேன்.”

எழுத்து புரியாமல் இல்லை, ஆள் புரியவில்லை. தெருவுக்குத் தெரு அந்தோணி, பீட்டர், ஆரோக்கியம். ஆதாரில் உள்ள பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரே முழிப்பார். அங்கே பட்டப்பெயர்தான் பெயர். வெளிப்படைத்தன்மை என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே... சுவரில் ஒட்டிவிட்டால் ஆயிற்றா? படிக்கிறவருக்கு ஆள் தெரிய வேண்டாமா?

“ம. பீட்டரு – நம்ம ஐஸ் பீட்டரு!”

“கீறேன்!”

“லூ. ஆரோக்கியம் – வவ்வால் ஆரோக்கியம்!”

“கீறேன்க்கா!”

ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் சிரிப்பு. அடுத்து, “ச. அந்தோணி...” பட்டப்பெயரைச் சொல்லாமல் அக்கா காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“நான்தான்க்கா!” என்று முன்னால் வந்தார் டீசல் அந்தோணி. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தடை முடியும்வரை வருமானம் கிடையாது. இந்த நிவாரணம் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அக்கா கதவு எண்ணைப் பார்த்தார். “இது உன் வூட்டு நம்பர் இல்ல நைனா.”

அதே பெயர், அதே இனிஷியல், அதே தெரு. ஒரே ஆள் இரண்டு முறை பதிந்திருக்கிறார் என்று நினைத்து ஆபீஸில் ஒரு பெயரை அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த வீட்டு எண்ணோடு மிஞ்சியவர் கேபிள் அந்தோணி. கடலை விட்டுவிட்டு கேபிள் டிவி நடத்துகிறார். அக்காவின் சொந்தத் தம்பி! கூட்டத்தில்தான் நின்றிருந்தார், செல்போனை நோண்டிக்கொண்டு.

எனக்கே தர்மசங்கடம். அக்கா பேசாமல் அடுத்த பெயருக்குப் போயிருக்கலாம். அது யார் வீட்டு நம்பர் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

“ச. அந்தோணி – கேபிள் அந்தோணி. என் கூடப் பொறந்தவன். இவன் கடலுக்குப் போயி பல வருஷம் ஆச்சு. போறவன் டீசல் அந்தோணி, அவன் பேரு வுட்டுப் போச்சு. நானே ஆபீஸ்ல எழுதித் தரேன். சாட்சிக்கு யார் வர்றது?”

பாதிக் கூட்டம் கையைத் தூக்கியது. டீசல் அந்தோணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது. கூடப் பிறந்தவன் பெயரை அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா? சந்தேகம்தான்.

கூட்டம் கலைந்ததும் தம்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“பேரு அதுவா வந்துச்சு, நானா கேட்டேன்? வூட்டுக்கு வந்து சொல்லிருக்கக் கூடாதாக்கா? மானமே பூட்ச்சு.”

அக்கா அவர் தோளில் கை போட்டார்.

“வூட்ல சொன்னா அது நம்ம குடும்ப விஷயமா பூடும்டா.”