புத்தகமில்லாத இரண்டு மாதம்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளியில் 'கதவுக்காரி' என்று பெயர். அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடப் பார்க்கும் புதுப் பிள்ளைகளை மறிக்க, வருஷ ஆரம்பத்தில் கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் வகுப்பில் முதல் இரண்டு மாதம் புத்தகம் கிடையாது. வரும் வழியில் பார்த்ததை ஒரு பிள்ளை சொல்லும், மற்றதுகள் கேட்கும். வாய் திறந்த பிள்ளைக்கு எழுத்து தானாகப் பின்னால் வரும் என்பது அவள் அனுபவம்.

"சம்பளமும் வாங்கிக்கிட்டு ஊர்க்கதையும் கேக்குறா, கொடுத்து வெச்சவ" என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் இடிப்பாள்.

அந்த வருஷம் பாடத்திட்டத்தை மாற்ற ஒரு குழு போட்டார்கள். புத்தகமில்லாத இரண்டு மாதத்தை எல்லாப் பள்ளிக்கும் வைப்பதா, அடியோடு எடுத்துவிடுவதா? அவள் வகுப்பை நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியனுப்பினார்கள்.

முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. வேற்று முகங்களைக் கண்டு பிள்ளைகள் பிடித்துவைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டால்? மூன்றாம் வகுப்பு டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது? கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்து அட்டைகளைக் காட்டிக் காட்டிப் பிள்ளைகளை உருப்போட வைத்தாள்.

குழு வந்த அன்று, வகுப்பின் வாயாடிப் பெண் எழுந்து அட்டைகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மற்றவர்களும் சளைக்கவில்லை.

குழுத் தலைவர் கைதட்டினார். "அடேயப்பா! பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள இவ்வளவா! அப்போ ரெண்டு மாசம் எதுக்கும்மா சும்மா உக்காரணும்?"

தலைமையாசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் கதவைச் சாத்திச் சொல்லிக்கொடுத்தேன் என்பது டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டியே" என்றார் அவள் வீட்டுக்காரர், ராத்திரி சாப்பிடும்போது.

"நீங்க வேற, எரியுறதுல எண்ணெய ஊத்தாதீங்க."

"இப்பவாவது போய்ச் சொல்லேன்."

"என்னன்னு? நடிச்சேன்னா?"

போகவில்லை. அடுத்த வருஷம் புதுத் திட்டம் வந்தது. முதல் நாளே புத்தகம். வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு. கதவருகே நாற்காலி போட நேரமில்லை.

ஒரு காலையில், பேசவே பேசாத குட்டிப் பையன் ஒருவன் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். "டீச்சர், வழியில நாய் குட்டி போட்டிருக்கு!"

"அப்புறம் சொல்லுடா கண்ணு. பக்கத்தைப் பாரு."

மத்தியானம்தான் அவளுக்கு உறைத்தது. அவனைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாய்க்குட்டியெல்லாம் என்ன நிறம்டா?"

பையன் விழித்தான். அவசரமாகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான்.

"எந்தப் பக்கத்துல இருக்கு டீச்சர்?"